முடித்துவைக்க ஆளில்லாத நெருக்கடி

தோலும் காலமும் – 19

வாலாஜாபேட்டைப் பள்ளிக்கூடத்தில் சில காலம், வேலூர் ஊரீசுக் கல்லூரியில் சில காலம் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய், தத்துவப் பேராசிரியராக உலகப் புகழ் பெற்றவர் திருத்தணிக்காரரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1962 அக்டோபர் 26 அன்று டெல்லியில் அவர் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். குடியரசுத் தலைவராகி அப்போது அவருக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. சீனப் படை இமய எல்லையைத் தாண்டி ஆறு நாள் ஆகியிருந்தது. அந்நிய ஆக்கிரமிப்பால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்திருக்கிறது என்றது அந்தப் பிரகடனம். சுதந்திர இந்தியாவின் முதல் தேசிய நெருக்கடி நிலை அதுதான்.

நவம்பர் 21-ல் சீனாவே போர் நிறுத்தத்தை அறிவித்துவிட்டது. சண்டை நடந்தது ஒரு மாதம். நெருக்கடி நிலை விலக்கப்பட்டதோ 1968 ஜனவரி 10-ல். ஒரு மாதப் போருக்கு ஐந்தேகால் வருஷ நெருக்கடி.

1971 டிசம்பர் 3-ல் இரண்டாவது முறை. கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய அட்டூழியத்தில் தொடங்கிய விவகாரம் இந்திய–பாகிஸ்தான் போராக வெடித்த அன்று வி.வி. கிரி கையெழுத்திட்டார். பதின்மூன்றே நாளில் டாக்கா வீழ்ந்து போர் முடிந்தது. அந்த நெருக்கடி நிலை 1977 மார்ச் 27 வரை நீடித்தது. அதுவும் ஐந்தேகால் வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்.

நெருக்கடி நிலை என்றாலே நம்மவர்களுக்கு 1975 ஜூன் 25-தான் ஞாபகம் வரும். இந்திரா காந்தி, மிசா, தணிக்கை, கலைக்கப்பட்ட தி.மு.க. ஆட்சி. அதைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. ஆனால் 1962-க்கும் 1977-க்கும் இடைப்பட்ட பதினான்கரை வருஷத்தில் பத்தரை வருஷம் இந்த நாடு ஏதோ ஒரு வெளிநாட்டுப் போரின் பேரில் நெருக்கடி நிலையில்தான் இருந்தது. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பத்தரை வருஷம் ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் மக்களின் நகைப்பெட்டிக்குள்ளும் ரயில்வே குடியிருப்புக்குள்ளும் எப்படி நுழைந்தது என்பதுதான் இந்த இதழின் சங்கதி.

தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு முன்கதை தெரியும். முதல் உலகப் போரின்போது, 1916-ல், சென்னை மாகாணத்துப் பதப்படுத்திய மாட்டுத்தோலைப் பிரிட்டிஷ் போர் இலாகா மொத்தமாகத் தனக்கே ஒதுக்கிக்கொண்டது. நம் ஊர்த் தோல் பிரான்சின் பதுங்கு குழிகளில் நின்ற சிப்பாய்களுக்குப் பூட்ஸாகப் போனது. 1915-ல் போட்ட இந்தியப் பாதுகாப்புச் சட்டம், போரும் அதற்குப் பின் ஆறு மாதமும் மட்டுமே செல்லும் என்றுதான் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கெடு முடியப்போகிற நேரத்தில் அதே அதிகாரங்களை அமைதிக் காலத்துக்கும் நீட்டிக்கக் கொண்டுவந்ததுதான் 1919-ன் ரௌலட் சட்டம். அதை எதிர்த்து நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் காந்திக்கு உதித்தது சென்னையில், ராஜாஜி குடியிருந்த வீட்டில் தங்கியிருந்தபோது. இரண்டாம் உலகப் போரில் மறுபடி இந்தியப் பாதுகாப்பு விதிகள். 1940 கடைசியில் வார்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த காமராஜரை வழியில் குண்டூரில் பிடித்து, அந்த விதிகளின் கீழ் வேலூர் மத்தியச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்தபடியேதான் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆக, போர் எங்கோ நடக்கும், சட்டம் இங்கே வேலை செய்யும் என்பதில் வெள்ளைக்காரன் காலத்திலேயே நமக்குப் பழக்கம் உண்டு. சுதந்திர இந்தியா அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் வருத்தம். 1962-ல் போட்ட சட்டத்துக்குப் பெயர்கூடப் பழையதேதான்: இந்தியப் பாதுகாப்புச் சட்டம்.

அரசியல் சட்டத்தின் 352-ஆம் பிரிவு அன்றைக்கு எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரகடனம் வெளியான இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதை ஏற்கத் தீர்மானம் போட வேண்டும். போடாவிட்டால் தானாகக் காலாவதியாகும். சரி, போட்டுவிட்டால்? அதற்கப்புறம் கெடு எதுவும் கிடையாது. நீட்டிக்கலாமா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. குடியரசுத் தலைவர் இன்னொரு காகிதம் போட்டு ரத்து செய்கிற வரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முதல் நாள் மட்டும் விவாதம் நடக்கும். பிறகு மௌனம் ஒன்றே போதும், அதுவே நீட்டிப்பு. இந்தியாவின் வெளிநாட்டுப் போர் நெருக்கடிகள் இரண்டும் ஒருமுறைகூட முறைப்படி நீட்டிக்கப்படவில்லை. யாரும் முடித்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நாம் தனியாள் இல்லை. கொரியப் போருக்காக அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1950 டிசம்பரில் ஒரு தேசிய நெருக்கடியை அறிவித்தார். கொரியாவில் துப்பாக்கிகள் ஓய்ந்தது 1953 ஜூலையில். நெருக்கடி ஓய்ந்தது 1978-ல். இடையில் ஐந்து அதிபர்கள் வந்து போனார்கள், வியட்நாம் போர் வந்து போனது. 1973-ல் அந்நாட்டு செனட் குழு ஒன்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது ஒன்றல்ல, நான்கு நெருக்கடிகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. அவற்றில் ஒன்று 1933-ல் ரூஸ்வெல்ட் வங்கிகளை மூடியபோது போட்டது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தங்கத்திலிருந்து தொடங்கலாம்.

1962 நவம்பரில் அரசு தங்கப் பத்திரம் வெளியிட்டது. வீட்டுத் தங்கத்தைக் கொடுத்தால் ஆறரை சதவீத வட்டியுடன் பதினைந்து வருஷத்தில் திருப்பித் தருவோம் என்றது. தேசியப் பாதுகாப்பு நிதிக்கு மேடையிலேயே வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அதில் கட்டாயம் எதுவும் இல்லை, உணர்ச்சிதான். கட்டாயம் வந்தது 1963 ஜனவரி 9-ல். நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். இனிமேல் 14 காரட்டுக்கு மேல் தரமுள்ள நகை எதையும் செய்யக் கூடாது. நகையாக இல்லாத தங்கத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். கட்டித் தங்கத்தைச் சாதாரண ஆள் புதிதாக வாங்கவே கூடாது. அந்நியச் செலாவணி நெருக்கடி, கடத்தல் தங்கம், ஆயுதம் வாங்கப் பணம் வேண்டும் என்று காரணங்களும் சொல்லப்பட்டன. காரணங்களில் பொய் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று: சாதாரண நாளில் இப்படி ஒரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்திருந்தால் தாய்க்குலத்தின் கோபத்தில் எந்த அரசும் தாக்குப் பிடித்திருக்காது. இந்த ஆணை மசோதாவாக வரவேயில்லை. இந்தியப் பாதுகாப்பு விதிகளில் ஒரு புதுப் பகுதியாகச் செருகப்பட்டது. சீனன் திரும்பிப் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது.

14 காரட் என்றால் என்ன? இருபத்துநான்கு பங்கில் பதினான்கு பங்குதான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். எட்டு கிராம் சவரனில் 22 காரட்டில் ஏழேகால் கிராமுக்கு மேல் தங்கம் இருக்கும். 14 காரட்டில் நாலேமுக்கால் கிராம்கூடத் தேறாது. நிறம் செம்பின் பக்கம் சாயும். பட்டறையில் இது இன்னும் பெரிய தொல்லை. நம்மூர்ப் பத்தர்களின் கைவேலை முழுக்க 22 காரட்டின் மென்மையை நம்பி வளர்ந்தது. குமுட்டியில் உருக்கி, தகடு தட்டி, முடியளவு கம்பியாக இழுத்து, கட்டளை பதித்து, பொடி வைத்து ஊதுகுழலால் ஊதி ஒட்டுகிற வேலை. 14 காரட் சுத்தியலுக்கு முரண்டு பிடிக்கும். இரண்டு தட்டுக்கு ஒருமுறை நெருப்பில் காட்டாவிட்டால் விளிம்பு வெடிக்கும். ஐரோப்பாவில் இயந்திரத்தில் அச்சடித்துச் செய்யும் நகைக்கு அது தோதான உலோகம். வாலாஜாவிலும் ஆற்காட்டிலும் வீட்டுத் திண்ணையையே பட்டறையாக்கி உட்கார்ந்திருந்த ஆசாரியிடம் இயந்திரம் ஏது?

உலோகத்தை விடுங்கள், வாங்குகிறவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே. தாலியில் கலப்படம் என்றால் எந்த மாமியார் சம்மதிப்பாள்? இந்துக் கல்யாணத்துக்குப் பொட்டு, முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கருகமணியோடு கோக்கும் தங்கம். மேல்விஷாரத்திலும் சரி, ராணிப்பேட்டையிலும் சரி, இரண்டுமே உரைகல்லில் உரைத்துப் பார்த்து வாங்குகிற பொருள். கல்யாண வீட்டுக்காரர்கள் ஒன்று பழைய நகையையே மாட்டி அனுப்பினார்கள், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு செய்து தரும் பத்தரைத் தேடிப் போனார்கள். நாடு முழுக்க லட்சக்கணக்கான பொற்கொல்லர் குடும்பங்கள் வேலை இழந்தன. தற்கொலைச் செய்திகள் நாடாளுமன்றம் வரை போயின. கடனுதவி, மாற்று வேலைப் பயிற்சி, பிள்ளைகளுக்குப் படிப்புச் சலுகை என்று அரசு எதையெதையோ அறிவித்துப் பார்த்தது. பரம்பரையாக மூக்குத்திக்குக் கல் பதித்த கை, பயிற்சி முகாமில் எதைப் பிடிக்கும்? மொரார்ஜிக்குப் பின் நிதியமைச்சராக வந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். 14 காரட் கட்டாயம் 1966-ல்தான் கைவிடப்பட்டது. லைசென்ஸும் கணக்குப் புத்தகமும் சோதனை அதிகாரியும் அதற்குப் பிறகும் போகவில்லை. அவர்கள் எப்போது போனார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நம்பச் சிரமமாக இருக்கும்.

நமக்குத் தொழில் வழியில் உறவான ஓர் ஊரின் கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். கல்கத்தாவின் டாங்ரா. பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டை ஊறிய குழிகளில் இறங்கித் தோல் பதனிட்ட அதே காலத்தில், அங்கே அந்த வேலையைச் செய்தவர்கள் ஹக்கா சீனர்கள். தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்தவர்கள், இந்தியச் செருப்புக்கும் பூட்ஸுக்கும் தோல் கொடுத்தவர்கள். 1962-க்குப் பின் அவர்கள் ஒரே இரவில் எதிரி வம்சத்தவர் ஆனார்கள். ஊரைவிட்டு வெளியே போக அனுமதி, காவல் நிலையத்தில் பதிவு என்று கெடுபிடி. அசாம், டார்ஜிலிங் பக்கத்துச் சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ரயிலில் ஏற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகளும் கிழவிகளும் அதில் அடக்கம். பலர் திரும்பி வந்தபோது வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. முகாமில் கடைசியாக இருந்தவர்கள் வெளியே வர 1967 ஆயிற்று. எல்லையில் சண்டை ஓய்ந்து ஐந்து வருஷம் கழித்து! பிரகடனம் உயிரோடு இருந்தவரை இதைக் கோர்ட்டில் கேட்கவும் வழி கிடையாது. அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் போகும் உரிமையே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டு அரசியலிலும் அதே நெருக்கடி ஆழமாக வேலை செய்தது. விலைவாசி உயர்வை எதிர்த்து 1962 ஜூலையில் வேலூரில் மறியல் செய்து கைதாகி, வேலூர் சிறையில் இருந்தவர் அண்ணாதுரை. சீனப் போரை ஒட்டி வெளியே வந்தவர், திராவிட நாடு கோரிக்கையை ஒத்திவைத்துவிட்டு நாட்டுக்கு ஆதரவாகப் பேசினார். வீடு இருந்தால்தானே ஓடு மாற்றலாம் என்ற கருத்தில் அவர் சொன்னது இன்றும் மேடைகளில் புழங்குகிறது. 1963-ல் பிரிவினை பேசுவதையே தடுக்கும் 16-ஆவது சட்டத்திருத்தம் வந்தது, தி.மு.க. அந்தக் கோரிக்கையை முறைப்படி கைவிட்டது. சரி, சீனனோடு சண்டை. அதற்கும் இந்தி எதிர்ப்புக்கும் என்ன சம்பந்தம்? 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தபோது மு. கருணாநிதியைக் கைது செய்து பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தது இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்தான். சீனனைத் தடுக்கப் போட்ட வேலியில் சிக்கியது தமிழ் மாணவர்களுக்காகப் பேசியவர். அதே வருஷம் பாட்னாவில் ராம் மனோகர் லோகியாவையும் அந்த விதிகளில்தான் பிடித்தார்கள். உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. காரணம் சுவாரஸ்யமானது: விதி அனுமதித்தது பொது ஒழுங்கைக் காப்பதற்காக, கைது உத்தரவில் எழுதியிருந்ததோ சட்டம் ஒழுங்கு. அந்த வித்தியாசம் ஒரு மனிதரின் விடுதலைக்குப் போதுமானதாக இருந்தது. நெருக்கடி தொடர வேண்டுமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவில்லை.

இடையே தோல்காரர்களை நேரடியாக உலுக்கிய ஒரு வெளிநாட்டுப் போர் வந்தது; அதற்காக டெல்லி எந்தப் பிரகடனமும் போடவில்லை. 1967 ஜூனில் இஸ்ரேலும் எகிப்தும் மோதிக்கொண்டதில் சூயஸ் கால்வாய் மூடியது. சென்னைத் துறைமுகத்தில் ஏற்றிய நம்மூர்த் தோல் லண்டன் சந்தைக்குப் போக ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியதாயிற்று. கால்வாய் திறக்க எட்டு வருஷம் ஆனது. மூடிய அந்த வருஷமே நவம்பரில் பவுண்டின் மதிப்பையும் பிரிட்டன் குறைத்தது. கப்பல் வாடகையும் காத்திருப்பும் யார் தலையில் விழுந்தன என்பது ராணிப்பேட்டை டேனரி முதலாளிகளுக்குத் தெரியும். அரசாங்கம் அறிவிக்கும் நெருக்கடி வேறு, ஊருக்கு வரும் நெருக்கடி வேறு.

1968 ஜனவரி 10-ல் ஒருவழியாகப் பிரகடனம் ரத்தானது. பாதுகாப்பு விதிகள் இன்னும் ஆறு மாதம் ஓடிவிட்டு ஓய வேண்டும். ஓயப் போகிற விதிகளில் டெல்லிக்குப் பிடித்தவை சில இருந்தன. அவற்றை விட மனமில்லை. எனவே ரத்துக்குப் பதினொரு நாள் முன்னதாக, 1967 டிசம்பர் 30-ல், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் வந்தது. இன்று உபா என்று எல்லோரும் சொல்வது. 1968 ஆகஸ்டில் எதிரி சொத்துச் சட்டம்: 1965 போரை ஒட்டிப் பாகிஸ்தானியர் சொத்து என்று கையகப்படுத்தியவை அரசுப் பாதுகாவலர் கையிலேயே தொடர வழி செய்தது. கராச்சிக்கும் டாக்காவுக்கும் அண்ணன் தம்பி பிரிந்துபோன குடும்பங்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இந்தச் சட்டத்தின் அர்த்தம் புரியும். செப்டம்பரில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஆணையாக இருந்தது சட்டமானது. பத்தரின் கணக்குப் புத்தகம் நிரந்தரமானது. அந்தச் சட்டம் ரத்தானது 1990 ஜூனில். சீனப் போர் நடந்து இருபத்தெட்டாவது வருஷம். மற்ற இரண்டும் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. நெருக்கடி முடிந்தது, அது பெற்றுப்போட்ட சட்டங்கள் முடியவில்லை.

1971-க்கு வருவோம். விசாரணையில்லாமல் சிறையில் வைக்க வழி செய்த மிசா சட்டம் 1975-ல் பிறந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. 1971 மே மாதம் அவசரச் சட்டமாகவும் ஜூலையில் சட்டமாகவும் வந்தது, அதாவது போருக்கும் முன்னால். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சம் லட்சமாக எல்லை தாண்டிக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கு அப்பால் நடப்பவற்றைக் காட்டித்தான் அந்தச் சட்டம் நியாயப்படுத்தப்பட்டது. டிசம்பரில் போர், பிரகடனம், புதிய பாதுகாப்புச் சட்டம். 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம். 93,000 போர்க்கைதிகளையும் 1974 ஏப்ரலுக்குள் பாகிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று. எதிரி நாட்டுச் சிப்பாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். நெருக்கடி நிலை மட்டும் போகவில்லை.

கைதிகள் போன மறு மாதம், 1974 மே 8-ல், ரயில்வே வேலைநிறுத்தம். பதினேழு லட்சம் தொழிலாளர்கள். அது தொடங்கும் முன்பே, மே 2-ல், ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸைப் பிடித்துவிட்டார்கள். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றார்கள். நம் மாவட்டத்துக்கு இது வெறும் செய்தித்தாள் விஷயம் இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. அரக்கோணம் என்ற ஊரே தண்டவாளத்தைச் சுற்றி வளர்ந்தது. ரயில்வே பொறியியல் பணிமனையும் அங்கே இருக்கிறது. அதே தடத்தில் மேற்கே காட்பாடி, ஜோலார்பேட்டை. கேங்மேனிலிருந்து பாயிண்ட்ஸ்மேன் வரை வீட்டுக்கு ஒருவர் ரயில்வேக்காரர். அவர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலையும் போனஸும் பஞ்சப்படியும். நாடெங்கும் ரயில்வே காலனிகளில் போலீஸ் புகுந்தது, ஆயிரக்கணக்கில் கைது, வேலை நீக்கம், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கெடுபிடி. இருபது நாளில் போராட்டம் அடக்கப்பட்டது. டாக்காவில் ஜெனரல் நியாஜி சரணடைந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சிக்னல் கம்பத்தடியில் நின்றவர் கேட்ட போனஸை மறுக்க அந்தப் போரின் பிரகடனம் கை கொடுத்தது.

அதே 1974-ல் இன்னொன்று. தங்கக் கட்டுப்பாடு பிடித்த பிடியில் உள்ளூர்த் தங்கம் ஒளிந்துகொண்டது, கடத்தல் தங்கம் கொழித்தது. துபாயிலிருந்து படகில் வந்த பிஸ்கட்டுகள் பம்பாயில் பெரும் புள்ளிகளை உருவாக்கின. அவர்களில் பேர் பெற்ற ஹாஜி மஸ்தான் நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்தவர். அந்த வருஷம் கடத்தல்காரர்களை மிசாவில் வளைத்துப் பிடித்தார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போய்விடாதபடி நவம்பரில் ஒரு குடியரசுத் தலைவர் உத்தரவு வந்தது. அந்த உத்தரவுக்கு ஆதாரம் 1971-ன் வங்கப் போர் நெருக்கடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சீனப் போரின் பேரில் போட்ட கட்டுப்பாடு கடத்தலை வளர்த்தது, வளர்ந்த கடத்தலைப் பிடிக்கப் பாகிஸ்தான் போரின் பேரில் போட்ட பிரகடனம் பயன்பட்டது. கடத்தல்காரர்களுக்காக யாரும் அழவில்லை, நானும் அழப் போவதில்லை. ஆனால் கோர்ட்டுக் கதவை ஒருமுறை பூட்டிப் பார்த்துவிட்டால் பூட்டுவது சுலபம் என்று ஆட்சிக்குத் தெரிந்துவிடுகிறது. பழகியது அங்கேதான்.

போர் முடிந்தும் நெருக்கடி ஏன் தொடர்கிறது என்று கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. மேற்கு வங்கத்தில் மிசாவில் அடைக்கப்பட்ட ஒருவரின் வழக்கில் அந்தக் கேள்வி 1974-ல் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். நெருக்கடி தொடரலாமா வேண்டாமா என்பது அரசியல் கேள்வி, நீதிமன்றம் தீர்க்கிற கேள்வி அல்ல என்று தீர்ப்பானது. மனித உரிமைக்குப் பேர்போன அந்த நீதிபதியின் எழுத்துகளில் எனக்கு ஒப்பாத ஒன்று இது. அடுத்த வருஷமே இந்திரா அரசு 38-ஆவது திருத்தத்தின் மூலம் அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் கேட்கவே முடியாதபடி செய்துவிட்டது.

1975 ஜூன் 25 இரவு, உள்நாட்டுக் குழப்பத்தின் பேரில் இன்னொரு பிரகடனம் வந்தபோது 1971-ன் பிரகடனம் இன்னும் நடைமுறையில்தான் இருந்தது. ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு நெருக்கடி நிலைகள். 1976 ஜனவரி 31-ல் கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் சென்னை மத்தியச் சிறைக்குப் போனவர்களில் அவர் மகன் மு.க. ஸ்டாலினும் ஒருவர். தந்தை சீனப் போர்க்காலத்து விதியில் சிறை போனவர், மகன் வங்கப் போரை ஒட்டிப் பிறந்த சட்டத்தில். தேர்தலில் இந்திரா தோற்றபின் 1977 மார்ச் 21-ல் உள்நாட்டு நெருக்கடி விலக்கப்பட்டது. வெளிநாட்டு நெருக்கடி விலக இன்னும் ஆறு நாள் எடுத்தது. மொரார்ஜி தேசாய் அப்போது பிரதமர்.

தங்க ஆணை போட்ட அதே மொரார்ஜியின் ஆட்சிதான் ஓட்டையை அடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1978-ன் 44-ஆவது திருத்தம், அமைச்சரவை எழுத்தில் கேட்டால்தான் பிரகடனம் என்றது. ஒரு மாதத்துக்குள் இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். முக்கியமானது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஓட்டெடுத்து நீட்டித்தால்தான் உயிர். அதற்குப் பின் 352-ன் கீழ் பிரகடனம் வரவே இல்லை. 1999-ல் கார்கிலில் சண்டை நடந்தபோதும் வரவில்லை.

கெடு வைத்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவும் 1976-ல் சட்டம் போட்டு, வருஷாவருஷம் அதிபர் புதுப்பிக்காவிட்டால் நெருக்கடி காலாவதி என்றது. ஈரான் விவகாரத்துக்காக 1979 நவம்பரில் ஜிம்மி கார்ட்டர் அறிவித்த நெருக்கடியை, அடுத்தடுத்து வந்த எல்லா அதிபர்களும் கட்சி வேறுபாடில்லாமல் ஒவ்வொரு நவம்பரிலும் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிரியா, ஏமன், தெற்கு சூடான் என்று பட்டியல் நீண்டிருக்கிறது. இலங்கையில் மாதாமாதம் நாடாளுமன்றம் கை தூக்கி நெருக்கடியை நீட்டித்ததை நம் தலைமுறையே பார்த்தது. போர் 2009 மே மாதம் முடிந்தது. நெருக்கடி 2011 ஆகஸ்டில் போனது. அது போன கையோடு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் புது விதிகள் வந்தன. 1968-ல் டெல்லி செய்ததை 2011-ல் கொழும்பு செய்தது.

அந்தப் போரின் நிழல் நம் பக்கத்திலும் விழுந்தது. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகாலில் வைக்கப்பட்டிருந்த விடுதலைப்புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிய செய்தியை அந்த வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புலிகள் இயக்கத்தை இந்தியா தடை செய்தது 1992 மே 14-ல், ராஜீவ் கொலைக்குப் பின். தடைக்குப் பயன்பட்டது எந்தச் சட்டம்? சீனப் போர் நெருக்கடி விலகுவதற்குப் பதினொரு நாள் முன்பு அவசரமாகப் பிறந்த அதே உபா. முதலில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நீட்டித்தார்கள். 2014 முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் தீர்ப்பாயம் கூடும், தடையை எதிர்த்து வைகோ போய் வாதாடுவார், தடை உறுதியாகும். இயக்கம் களத்தில் அழிந்து பதினைந்து வருஷம் ஆன பிறகு, 2024 மே மாதம், தடை மேலும் ஐந்து வருஷம் நீட்டிக்கப்பட்டது. அடுத்த கெடு 2029.

(அடுத்த இதழில்: 1973-ல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு டெல்லி வைத்த கட்டுப்பாடும், ஆவாரம்பட்டைக் குழிகள் குரோமியத்துக்கு மாறிய கதையும்.)